இரண்டு சுண்ணாம்புக் கோடுகள்

அன்செல்ம் ருஃபேன் தினமும் காலையில் முதல் வணக்கம் சொல்வது கடவுளுக்கு அல்ல, தனக்குத்தான். லூவ்ர் அரண்மனையில் ஓவிய அகாதமிக்கு ஏறும் படிக்கட்டை ஒட்டி ஒரு நீண்ட நடை இருந்தது. அரசர் வெர்சாய்க்குக் குடிபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. அவர் காலி செய்த அரண்மனையில் ஓவியர்களும், அவர்கள் மனைவிமார் சன்னலுக்குச் சன்னல் கட்டிய துணிக்கொடிகளும், வெங்காய சூப்பின் வாசமும் குடியேறியிருந்தன. அந்த நடையின் சுவரில், மாணவர்கள் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ஆண் உருவப் படங்கள் வரிசையாகத் தொங்கும். மொத்தம் முப்பத்தொன்று. அவற்றில் இருபத்துநாலு படத்தில் இருப்பவர் அன்செல்ம்.

பாறையில் கட்டுண்டு கழுகுக்கு ஈரலைக் கொடுப்பவர் அன்செல்ம். கையில் கல்லை வைத்துக்கொண்டு மார்பில் அடித்துக்கொள்ளும் புனித ஜெரோமும் அவரே. ஜாடியைச் சாய்த்துப் படுத்திருக்கும் நதி தேவனும் அவர்தான். தாடி மட்டும் ஓவியரின் உபயம். எல்லாம் பிறந்த மேனி. வாத்து இறகால் ஒவ்வொரு சட்டமாகத் தூசி தட்டிக்கொண்டு, "என்னப்பா, ராத்திரி நல்லாத் தூங்கினியா?" என்று விசாரித்தபடி வருவார். மீதி ஏழு படங்களுக்கு வரும்போது இறகுக்கு அவசரம் வந்துவிடும்.

பியேவ்ர் ஆற்றங்கரையில் தோல் பதனிடுகிற குடும்பத்தில் பிறந்தவர். இருபத்திரண்டு வயதில் ஈரத்தோலைச் சுமந்துகொண்டு தெருவில் போனவரை ஒரு சிற்பி மறித்து, சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டச் சொன்னார். அன்று காட்டியவர்தான், இருபத்தாறு வருஷமாகக் காட்டிக்கொண்டிருந்தார். ஓவியர்கள் பார்த்துத் தீட்ட மேடைமேல் அசையாமல் நிற்கும்போது, மணற்கடிகாரம் காலியாவதற்கு முன்னால் ஒருநாள்கூட 'ஓய்வு' என்று கேட்டதில்லை. ஒருமுறை மூக்கு நுனியில் ஈ உட்கார்ந்து, நடந்து, நாசிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அவர் அசையவில்லை. இந்த ஈக் கதையைக் கேட்காத மனிதர் லூவ்ரில் கிடையாது. இரண்டாம் தடவை கேட்காதவரும் கிடையாது.

அகாதமிக்கு முதல் மாடல் ஒருவர்தான். அவருக்கு அரசரின் சேவகர்கள் போடுகிற நீலக் கோட்டு உண்டு. படிக்கட்டுக்குக் கீழே ஓர் அறை உண்டு. ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை பேராசிரியர்கள் கூடி, வருகிற வருஷம் கோட்டு யாருக்கு என்று அறிவிப்பார்கள். இத்தனை வருஷமும் அது சும்மா பேச்சுக்கு அறிவிப்பதாகவே இருந்தது. அவர் பெயரைச் சொல்வார்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள், ஆட்டுக்கறி சாப்பிடப் போய்விடுவார்கள்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு தொடங்கிய முதல் வாரம். பேராசிரியர் ப்ரெவாலின் கூடத்தில் அவருடைய மாணவன் ஃபிர்மேன் எண்ணெய் வண்ணத்தில் ஓர் ஆண் உருவம் தீட்டப்போகிறான், ஈஸ்டர் திங்களன்று பேராசிரியர்கள் அதைப் பார்ப்பார்கள் என்று ஏற்பாடு. அன்செல்ம் விடிந்ததும் கூடத்தைத் திறந்து, பெருக்கி, இரும்பு அடுப்பை மூட்டினார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மற்றதையெல்லாம் மடித்து வைத்துவிட்டு மேடை ஏறி, கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை ஒரு கையால் பிடித்து, மார்பை விரித்து நின்றார். பேராசிரியர் வரும்போது தயாராக நிற்பது அவர் வழக்கம்.

பேராசிரியர் வந்தார். அவருக்குப் பின்னால், எதிரே ஆற்றுத் துறையில் படகுகளிலிருந்து மூட்டை இறக்குகிற ஒருவன், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு வந்தான்.

"அன்செல்ம், இறங்குப்பா," என்றார் ப்ரெவால். "இன்னிக்கு நீ இல்ல."

உடுத்திக்கொண்டு நிற்கிறவனை இறங்கச் சொல்வது வேறு. உடம்பில் நூலில்லாமல், கையில் கயிறோடு, மார்பை விரித்து நிற்கிறவனை இறங்கச் சொல்வது வேறு. அன்செல்முக்கு இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகத் தான் அம்மணமாக இருப்பது உறைத்தது. இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு இறங்கினார். அந்த மேடையிலிருந்து யாரும் அப்படி இறங்கியதில்லை.

வந்தவன் பெயர் மத்தூரென். வயது இருபத்துநாலு. தோள் கதவகலம், இடுப்பு ஒரு பிடி. சட்டையைக் கழற்றியதும் ப்ரெவால் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சு யாருக்கு உரியது என்று அன்செல்முக்குத் தெரியும். அவர் அதை எத்தனையோ தடவை மேடைமேல் நின்று வாங்கியிருக்கிறார்.

"பெரியவரே, சட்டையை எங்க வைக்கிறது?" என்றான் மத்தூரென்.

பெரியவரே! அன்செல்ம் ஆணியைக் காட்டினார். நாற்பத்தெட்டு வயசெல்லாம் ஒரு வயசா? நதி தேவனைப் போய் யாராவது பெரியவரே என்று கூப்பிடுவார்களா?

ப்ரெவால் அவனை நிறுத்தினார். வலது பாதம் முன்னால் மரக்கட்டைமேல். இடது பாதம் பின்னால், மேடைப் பலகையில். ஒரு கை கயிற்றில். தலை தோளுக்குமேல் திரும்பி, பின்னால் யாரோ கூப்பிட்டதுபோல். பிறகு அவரே குனிந்து, இடது பாதத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டார். முதல் கோடு பேராசிரியர்தான் போடவேண்டும், வேறு யாரும் போடக்கூடாது. அது அகாதமி வழக்கம். குதிகாலில் கோடு சேருமிடத்தில் அவர் கை எப்போதும் ஒரு சின்ன வாலை இழுத்துவிடும். ஓய்வுக்கு இறங்கிய மாடல் மறுபடி ஏறும்போது அந்தக் கோட்டுக்குள் பாதத்தை வைத்தால் நிலை அப்படியே திரும்பிவிடும். நாளுக்கு நாள் கால் பட்டுக் கோடு தேயும். தேய்ந்ததை மறுநாள் காலையில் புதுப்பிக்கிற வேலை அன்செல்முடையது.

"அன்செல்ம் எல்லாம் பார்த்துக்குவான்," என்றார் ப்ரெவால். அவருக்கு ஒரு பிரபுவின் மாளிகையில் கூரை ஓவியம் தீட்ட வேண்டியிருந்தது. அன்று போனவர் படம் முடியும்வரை அந்தக் கூடத்துக்குள் வரவில்லை.

ஃபிர்மேனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கண்ணால் பார்த்ததைத் தவிர வேறெதையும் அவனுக்குத் தீட்டத் தெரியாது. போன வருஷம் அன்செல்மை ஹெர்குலிசாக வைத்துத் தீட்டியபோது, முழங்காலுக்குக் கீழே காலுறை நாடா அழுத்திய சிவப்பு வடுவையும் சேர்த்துத் தீட்டிவிட்டான். "ஹெர்குலிஸ் காலுறை போட்டானாடா?" என்று ப்ரெவால் கத்தினார். கூடமே சிரித்தது. "இருந்துச்சு முசியே, அதான் போட்டேன்," என்றான் ஃபிர்மேன். அன்செல்ம் அதற்காக அவனோடு இரண்டு மாதம் பேசவில்லை.

அன்று மத்தியானம் பெர்ரினிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். பெர்ரின் அவர் மனைவி. ஆற்றங்கரை வாசலில் தகரப் பாத்திரத்தில் பால்காப்பி விற்கிறவள். துறைக்காரர்கள் எல்லாம் அவளுடைய வாடிக்கை.

"மத்தூரெனா? அவன் நல்ல பிள்ளையாச்சே," என்றாள் அவள், கிண்ணத்தைக் கழுவிக்கொண்டே. "குடிச்ச கிண்ணத்தை அவனே அலசிக் குடுப்பான். உங்க முசியே ப்ரெவால் நேத்து இங்கதான் அவனைப் பார்த்தாரு. சுத்திச் சுத்தி வந்தாரு, குதிரை வாங்கறவர் மாதிரி."

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா என்னய்யா பண்ணியிருப்பே? போய் நாலு வயசு குறைச்சுக்கிட்டு வந்திருப்பியா?"

"எனக்கு என்ன குறைச்சல்?"

பெர்ரின் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "வயிறு," என்றாள். "போன குளிர்காலத்துலேர்ந்து."

அன்செல்ம் அந்த வேளைக்கு உப்புக் கருவாட்டைத் தொடவில்லை. பசிக்காமல் இல்லை. வயிற்றைக் குறைக்கலாம் என்று ஒரு யோசனை. சாயங்காலமே அந்த யோசனை போய், கருவாடும் போய்விட்டது.

மூன்று நாள் அவர் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. இவன் அசைகிறான்! மூச்சு விடும்போது விலா தெரிகிறது, இமை கொட்டுகிறான், ஒருமுறை கொட்டாவிகூட விட்டான். இதையெல்லாம் ஃபிர்மேன் கண்டுகொள்ளாமல் ஆசை ஆசையாகத் தீட்டுகிறான். தன்னைத் தீட்டும்போது இந்தப் பயலின் முகத்தில் இந்த வெளிச்சம் இருந்ததா? இல்லை. சத்தியமாக இல்லை. ஒருவனுக்கு வாய்த்த வயசுக்காக அவன்மேல் கோபப்படுவது நியாயமில்லை என்று அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? மத்தூரெனுடைய தோள்மேல் காலை வெயில் விழும்போதெல்லாம் அவருக்குத் தன் வீட்டுச் சாமானை எவனோ தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது.

நாலாம் நாள் காலை, பெருக்கிவிட்டுச் சுண்ணாம்புக் கோட்டைப் புதுப்பிக்க மண்டியிட்டார். கையில் ஈரத்துணி, சுண்ணாம்புக்கட்டி. தேய்ந்த கோட்டின்மேலேயே இழுத்தால் வேலை முடிந்தது. அவர் துணியால் பழைய கோட்டைத் துடைத்தார். அரை விரற்கடை, அதாவது அரை விரல் அகலம், பின்னால் தள்ளிப் புதிதாகப் போட்டார்.

எழுந்து நின்று பார்த்தார். யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியவில்லை, அவ்வளவு கொஞ்சம்.

மறுநாள் இன்னும் அரை விரற்கடை. அதற்கு மறுநாளும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தொடவில்லை; பூசைக்குப் போய் வந்தார்.

வேலை செய்ததா என்று கேட்டால், பிரமாதமாகச் செய்தது. ஃபிர்மேனுக்குக் கிறுக்குப் பிடிக்காத குறை. "நேத்து இந்தத் தொடை இப்படி இல்லையே!" என்று தலையைப் பிய்த்துக்கொள்வான். மாடல் கோட்டுக்குள்தான் நிற்கிறான். அப்படியானால் தப்பு தன் கண்ணில்தான். தீட்டியதைக் கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி தீட்டுவான். மறுநாள் மறுபடி சுரண்டுவான். இடது கால் நாலு தடவை அழிந்து நாலு தடவை பிறந்தது. சுரண்டிய வண்ணத்தைப் பெருக்கி எடுக்கும்போது அன்செல்முக்கு மனது குளிர்ந்தது. ஈஸ்டருக்குள் இது முடியாது. முடிந்தாலும் விளங்காது. பேராசிரியர்கள் பார்ப்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள், 'அன்செல்மைக் கூப்பிடுங்கப்பா' என்பார்கள்.

மத்தூரெனுக்கோ, முன்கால் கட்டையிலும் பின்கால் தூரத்திலும் இழுபட்டு இடுப்பு முறுக்கிக்கொண்டது. ஓய்வு கொடுத்தால் மேடையிலிருந்து இறங்க முடியாமல் கயிற்றைப் பிடித்துத் தொங்கினான்.

"பெரியவரே, இந்த வேலைக்கு மூட்டை தேவலை," என்றான், பல்லைக் கடித்துக்கொண்டு. "நீங்க எப்படித்தான் இத்தனை வருஷம் நின்னீங்களோ! அந்த ஈ கதையை ஃபிர்மேன் சொன்னாரு. எனக்கு நம்பிக்கையில்லாம இருந்துச்சு. இப்ப உங்களைக் கையெடுத்துக் கும்பிடணும் போல இருக்கு."

அன்செல்ம் அடுப்பில் விறகு போடத் திரும்பிக்கொண்டார். அந்த நிமிஷம் ஒருமாதிரி இருந்தது, இல்லையென்று சொல்லமுடியாது. ஆனால் ஃபிர்மேன் கித்தானுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, "மத்தூரென், நீ நிக்கிறப்ப எனக்குத் தீட்டத் தெரியுதுப்பா!" என்றான். உடனே அந்த ஒருமாதிரி போய்விட்டது. மறுநாள் அரை விரற்கடைக்குப் பதில் முக்கால் விரற்கடை தள்ளினார்.

பத்தாம் நாள் பெர்ரின் சொன்னாள்: "அந்தப் பிள்ளை இன்னிக்குக் கூடத்துலேர்ந்து வந்து துறையில கோதுமை மூட்டையோட சாய்ஞ்சிட்டான். பலகைமேல ஏறும்போது குறுக்குப் பிடிச்சிக்கிச்சாம். அப்படியே உக்காந்துட்டான். நல்லவேளை, ஆத்துல விழலை. மூட்டைதான் விழுந்துச்சு. துறை மேஸ்திரி இனிமே வராதேன்னுட்டான்."

"அப்படியா," என்றார் அன்செல்ம்.

"என்னய்யா அப்படியா? எழவு வீட்டுல சிரிப்பை அடக்கறவன் மாதிரி மூஞ்சியை வெச்சிருக்கே!"

"எனக்கென்ன? நானா மூட்டையைத் தூக்கச் சொன்னேன்?"

பெர்ரின் காப்பிக் கரண்டியை நிறுத்தி அவரையே பார்த்தாள். இருபது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவள். ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொண்டாள். என்ன என்றுதான் தெரியவில்லை.

பதினோராம் தடவையோடு அவர் நிறுத்திவிட்டார். இரக்கத்தால் நிறுத்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மை என்னவென்றால், அதற்குமேல் தள்ளினால் மத்தூரெனின் கால் எட்டாது. மீதி நாட்களில் ஃபிர்மேன் உடம்பை ஒருவழியாக முடித்துவிட்டு, சுவர், மரக்கட்டை, மேடைப் பலகை என்று சுற்றியிருந்ததை ஒவ்வொன்றாகத் தீட்டி முடித்தான்.

ஈஸ்டர் திங்கள் வந்தது. ஏழு பேராசிரியர்கள் கூடத்துக்குள் வந்தார்கள். கூரை ஓவியத்தை முடித்துவிட்டு ப்ரெவாலும் வந்தார். அன்செல்ம் நீலக் கோட்டின் பொத்தான்களைத் துலக்கிப் போட்டுக்கொண்டு கதவோரம் நின்றார். மத்தூரென் இருந்த ஒரே நல்ல சட்டையில், இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, அவருக்குப் பக்கத்தில் நின்றான். ஃபிர்மேன் துணியை விலக்கினான்.

யாரும் உதட்டைப் பிதுக்கவில்லை. கித்தானில் இருந்த மனிதன் நிற்கவில்லை, புறப்பட்டுக்கொண்டிருந்தான். பின்காலில் தரையை உதைத்து, இடுப்பு முறுகி, தொடை நரம்பு விண்ணென்று இழுபட, திரும்பிய முகத்தில் வலியும் அவசரமுமாக, அடுத்த கணம் சட்டத்தைவிட்டு வெளியே வந்துவிடுவான்போல் இருந்தது. மாடலை நிறுத்தி வைத்துத் தீட்டிய படம் என்று யாராலும் சொல்லமுடியாது.

"அந்த இடுப்பைப் பாருங்கய்யா," என்றார் ஒரு கிழட்டுப் பேராசிரியர், கம்மிய குரலில். "முப்பது வருஷமா இந்தப் பயலுகளை அந்த இடுப்பு போடுங்கடான்னு கத்திக்கிட்டிருக்கேன்."

அன்செல்ம் பார்த்தார். இருபத்தாறு வருஷம் பேராசிரியர்கள் சொல்வதைக் காதால் கேட்டுக் கேட்டு அவருக்கும் படம் பார்க்கத் தெரியும். நடையில் தொங்கும் இருபத்துநாலு அன்செல்மும் மனக்கண்ணில் வந்து நின்றார்கள். அசையாமல், இமை கொட்டாமல், ஈ உட்கார்ந்தாலும் தெரியாமல், அத்தனை பேரும் மரக்கட்டையாக. இவனைக் கெடுக்க நினைத்துத் தானே இழுத்த இழுவைதான் இந்த உயிர் என்பது அவருக்குப் புரிந்தது. பொறாமை அப்போதும் போகவில்லை. இன்னும் இரண்டு மடங்கானது.

"யாருப்பா இப்படி நிக்கக் கத்துக்குடுத்தது?" என்று கிழவர் மத்தூரெனைக் கேட்டார்.

"பெரியவர்தான் முசியே," என்றான் மத்தூரென், அன்செல்மைக் காட்டி, முகமெல்லாம் பூரித்து. "முசியே ப்ரெவால் நிறுத்திட்டுப் போனாரு. அப்புறம் பெரியவரு தினம் கொஞ்சம் கொஞ்சமாக் கோட்டைத் தள்ளி என்னைப் பழக்குனாரு. எனக்குக் கோட்டுக்குள்ள காலை வைக்கிறப்பவே தெரிஞ்சுது. தொழில் இப்படித்தான் போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

ப்ரெவால் படத்துக்கு அருகில் போய்க் குனிந்தார். பாதத்துக்குக் கீழே பலகையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

மற்றவர்கள் ஆட்டுக்கறிக்குப் புறப்பட்ட பிறகு, "அன்செல்ம், நீ இரு," என்றார்.

கதவு சாத்தியதும் விரலை நீட்டினார். படத்தில், பின்காலைச் சுற்றி வெள்ளையாகப் பளிச்சென்று ஒரு சுண்ணாம்புக் கோடு. அதற்கு ஆறு விரற்கடை முன்னால், மூன்று நாள் கால் பட்டுப் பழைய பலகையின் எண்ணெய்ப் பிசுக்கில் ஊறிப்போய், எந்த ஈரத்துணிக்கும் முழுசாகப் போகாமல், மங்கலாக இன்னொரு பாதத்தின் கோடு. குதிகாலில் ஒரு சின்ன வால். ஃபிர்மேனுக்குத் தெரிந்தது அதுதானே! இருந்தது, போட்டுவிட்டான்.

"இது என் கோடு," என்றார் ப்ரெவால். "அது யாரோடது?"

அன்செல்ம் எலி என்று சொல்லலாமா, விளக்குமாறு பட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தார். நாக்கு ஒத்துழைக்கவில்லை. "என்னோடது முசியே."

"ஏன்?"

"வயித்தெரிச்சல் முசியே. வேறென்ன?" என்றார். சொன்னதும் அவருக்கே அழுகை முட்டியது. "அம்மணமா நின்னவனை இறங்குன்னீங்க. ஒரு நாள் முன்னாடி சொல்லியிருக்கக்கூடாதா? நான் சட்டையையாவது கழட்டாம இருந்திருப்பேன்."

ப்ரெவால் முக்காலியில் உட்கார்ந்தார். விக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மொட்டைத் தலையைத் தடவினார். "என் கையில ஒருநாளும் இப்படி ஓர் இடுப்பு வந்ததில்ல, தெரியுமா உனக்கு? அந்தப் பொடியனுக்கு வந்துடுச்சு. குனிஞ்சு இந்தக் கோட்டைப் பார்த்தப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அப்பாடா, தப்பு அகப்பட்டுச்சுன்னு சந்தோஷமா இருந்துச்சு."

அன்செல்ம் கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்துக்குப் பக்கத்தில் போனார்.

"அந்தக் கோட்டை அழிக்கச் சொல்லுங்க முசியே," என்றார் அன்செல்ம். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"முடியாது. அதை அழிச்சா இந்தக் கால் எங்கேருந்து கிளம்பி எங்க போச்சுன்னு தெரியாது. படம் செத்துடும்." விக்கை மாட்டிக்கொண்டு எழுந்தார். "நீலக் கோட்டும் அறையும் உன்கிட்டயே இருக்கட்டும். நான் பேசிக்கறேன். மேடை இனிமே அவனுக்கு. நீ கதவைப் பாரு, நடையைப் பாரு. அவன்கிட்ட நான் சொல்லமாட்டேன். சொல்றதும் சொல்லாததும் உன் பாடு."

அன்செல்ம் சொல்லவில்லை. பெர்ரினிடமும் சொல்லவில்லை. அவள் மத்தூரெனுடைய இடுப்புக்குச் சூடான தவிட்டு ஒத்தடம் கட்டி அனுப்பும்போதெல்லாம் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மத்தூரென் அவரிடம் முன்பைவிட மரியாதையாக இருந்தான். "பெரியவரே, இந்த நிலை சரியா?" என்று மேடையிலிருந்து கேட்பான். அவரிடமிருந்து மேடையை வாங்கிக்கொண்டவன், அவரையே கேட்டான்! அந்தப் 'பெரியவரே' ஒவ்வொன்றும் முள்ளாகக் குத்தியது.

படத்தை நடையில், புனித ஜெரோமுக்கும் நதி தேவனுக்கும் நடுவில் மாட்டினார்கள். தினமும் காலையில் அதையும் அவர்தான் தூசி தட்டவேண்டும். மற்றவற்றோடு பேசுவார். இதனிடம் வரும்போது வாயை மூடிக்கொள்வார்.

ஆகஸ்டில் புனித லூயி திருநாளன்று படக்காட்சி திறந்தார்கள். ஊரே திரண்டு வந்தது. சீமாட்டிகள் விசிறிக்குப் பின்னாலிருந்து பார்த்தார்கள். மீன்காரிகள் விசிறி இல்லாமலேயே பார்த்தார்கள். நீலக் கோட்டில் நடைவாசலில் நின்ற அன்செல்மை வருகிறவர்களுக்கெல்லாம் பிடித்துப்போயிற்று. "இது நீதானே? இதுவும் நீதானே?" என்று படம் படமாகக் கேட்டார்கள். அவரும் ஆமாம் ஆமாம் என்று ஈக் கதையோடு சொல்லிக்கொண்டு வந்தார்.

சாக்சனியிலிருந்து வந்த ஒரு தடித்த பிரபு ஃபிர்மேனின் படத்துக்கு முன்னால் நின்றார், நகரவே இல்லை. "அட, என்ன ஓர் ஆள்! இதுவும் நீதானா?"

கூடத்துக்குப் போக அந்த வழியாக வந்த மத்தூரென் சிரித்தான். "இல்ல முசியே, அது மட்டும் நான். பெரியவரு அதுல இல்ல."

அன்செல்ம் சும்மா இருந்திருக்கலாம். இருந்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இருபத்துநாலு படத்தை விட்டுவிட்டு இதன்முன் மட்டும் ஆட்கள் நிற்பதைக் காலையிலிருந்து பார்த்துப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. அவரில்லாமல் அந்தக் கால் அங்கே வந்திருக்குமா? அந்த இடுப்பு முறுகியிருக்குமா?

"இதுலயும் நான் இருக்கேன்," என்றார்.

"எங்க?" என்றார் பிரபு, கண்ணாடியை எடுத்துக்கொண்டு.

அன்செல்ம் வாத்து இறகால் படத்தின் அடியைக் காட்டினார். "அந்த மங்கலா இருக்கே, அது முசியே ப்ரெவால் போட்ட கோடு. கால் அங்கதான் இருக்கணும். இந்தப் பளிச்சுனு இருக்கறது நான் போட்டது. தினம் அரை விரற்கடை, பதினோரு நாள் தள்ளி வெச்சேன். இவனுக்குக் கத்துக்குடுக்கறதுக்கு இல்ல. இவன் கெட்டுப்போகணும்னு."

பிரபுவுக்குப் பாதி புரியவில்லை. "பலே, பலே" என்று அடுத்த படத்துக்கு நகர்ந்தார். மத்தூரென் நகரவில்லை. அந்த இரண்டு கோடுகளையும் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவன் வலது கை தானாகப் பின்னால் போய் இடுப்பில் பதிந்தது. அந்த ஒத்தடக்கட்டு சட்டைக்குள் இன்னும் இருந்தது.

அன்செல்ம் அவன் திட்டுவான் என்று காத்திருந்தார். ஓர் அடி கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றார். மத்தூரென் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"அன்செல்ம்," என்றான். "கூடத்துல அடுப்பு அணைஞ்சு கெடக்குது. போய் மூட்டிடு."

அவன் அதற்குப் பிறகு ஒருநாளும் அவரைப் பெரியவரே என்று கூப்பிடவில்லை.